சர்பர் வலை: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

தண்ணீர் ஓர் அடிக்கு மேல் ஆழம் போகக்கூடாது. தரையில் கூழாங்கல் இருக்க வேண்டும், நீர் சலசலத்து ஓட வேண்டும். இந்த மூன்றும் உள்ள ஓடையில் வேலை என்றால், ஓடைத் தரையில் வாழும் பூச்சிப் புழுக்களைப் பிடித்து எண்ண உதவும் சர்பர் வலைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஒன்று குறைந்தாலும் சாதாரண கைப்பிடி வலையே போதும்.

1937-ல் யூஜின் சர்பர் கொண்டுவந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. கீல் போட்ட இரண்டு சதுரச் சட்டங்களில் ஒன்று தரையில் படுக்கும், மற்றது நிமிர்ந்து நின்று வலைப்பையைத் தாங்கும். படுத்த சட்டம் வளைக்கும் இடம் ஒரு சதுர அடி, அதாவது 0.093 சதுர மீட்டர். சிக்கிய புழுக்களின் எண்ணிக்கையை 10.75-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு வந்துவிடும். கைப்பிடி வலையில் இந்தக் கணக்குக்கு வழியே இல்லை.

சட்டத்தின் வாய் நீர் வரும் திசையைப் பார்க்க வேண்டும், ஆள் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் மிதித்தால் கணக்கே கெட்டுவிடும். சட்டத்துக்குள் இருக்கும் கற்களை ஒவ்வொன்றாக வலைவாயில் பிடித்துத் தேய்த்துவிட்டு, அடிமண்ணை 5 முதல் 10 செ.மீ. வரை கிளற வேண்டும்.

புழுப் பருவத்தை நீரில் கழிக்கும் பூச்சியான கேடிஸ் ஈக்களில் வலை பின்னும் வகைகள் விஷயத்தில் தேய்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹைட்ரோசைக்கிடே குடும்பத்துப் புழு பட்டு நூலால் பொடிக்கற்களை ஒட்டிக் குடில் கட்டி, வாசலில் வலை விரித்து, வால்நுனிக் கொக்கிகளால் இறுகப் பற்றியிருக்கும். கல்லைச் சும்மா அலசினால் அசையாது. நகத்தாலோ இடுக்கியாலோ குடிலைப் பிய்த்தெடுக்க வேண்டும். மார்பின் மேல்பக்கம் மூன்று கெட்டித் தகடுகளும் வயிற்றின் அடியில் இறகு போன்ற செவுள்களும் இருந்தால் அதுவேதான். ஒரே தகடு, செவுளே இல்லை என்றால் ஃபிலோபொட்டாமிடே என்ற இன்னொரு கேடிஸ் குடும்பமாக இருக்கலாம்.

இதைப் பிரிக்காமல் எண்ணினால் முடிவு தவறும். அழுக்கைத் தாங்காத குடும்பத்துக்கு அதிக மதிப்பெண் கொடுத்து நீரின் தரத்தைக் கணக்கிடும் பிரிட்டனின் பிஎம்டபிள்யூபி (BMWP) முறையில் ஃபிலோபொட்டாமிடேக்கு 8 மதிப்பெண், ஹைட்ரோசைக்கிடேக்கு 5 மட்டுமே. நீரில் மிதந்து வரும் துகள்தான் பின்னதற்கு உணவு. அதனால் லேசாகக் கழிவுநீர் கலக்கும் இடத்திலும் அணைக்குக் கீழேயும் அது பெருகும். கேடிஸ் நிறைய கிடைத்ததே என்று ஓடைக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

குறைகளும் உண்டு. பெரிய கல் குறுக்கே கிடந்தால் சட்டம் தரையில் உட்காராது, இடுக்கு வழியே பூச்சி தப்பிவிடும். அடியில் ஸ்பாஞ்சுப் பட்டையும் பக்கவாட்டில் துணிச்சிறகும் உள்ள மாடலையே கேட்டு வாங்குங்கள். 250 மைக்ரான் கண்ணி பாசியால் சீக்கிரம் அடைபட்டு, நீர் எதிர்த்துத் தள்ளும். 500 மைக்ரான் ஓடும், ஆனால் முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குட்டிகள் நழுவிவிடும். வழக்கமான கண்காணிப்புக்கு 500 போதும்.

நச்சுக் கலப்பால் புழு பின்னும் வலையின் கண்ணிகள் கோணலாவதை இந்தக் கருவியில் பார்க்க முடியாது, தேய்த்ததும் அந்த வலை கிழிந்துவிடும். அதற்குக் கல்லை நீருக்குள் வைத்தே கவனிக்க வேண்டும்.

மாதிரியை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். கூடவே வரும் ஈரம் கலந்த பிறகும் 70-க்குக் கீழே இறங்கக் கூடாது.