இணையத்தில் பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 62,000 போன விதம்

பழைய இசைக்கருவிகளை விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் இணையச் சந்தை ஒன்றில் பேஸ் கிட்டார் வாங்கி 62,000 இழந்திருக்கிறேன். "தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதில் நேற்று இரவு வந்தது. அந்தச் சந்தையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே மாதிரிப் பச்சை முத்திரையும் இதே மாதிரி வாக்குறுதியும் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யும் தளங்கள் பல இருப்பதால், ஒரு பெயரைச் சொல்வதைவிட ஏமாற்றும் முறையைச் சொல்வதே உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

வாங்கியது நான்கு கம்பிக் கருவி. 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப் இரண்டு, இரண்டு வால்யூம், ஒரு டோன். 1960இல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த ஜாஸ் பேஸ் அமைப்பைப் பின்பற்றி வேறொரு தொழிற்சாலையில் செய்யப்பட்டது. நெக் (கருவியின் நீண்ட கழுத்து) நேராக இருக்கிறது, ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) நன்றாக வேலை செய்கிறது, பிக்கப்புகள் இரண்டும் தொழிற்சாலையில் பொருத்தியவை என்று விளம்பரத்தில் வரிவரியாக எழுதியிருந்தது. அதற்கு மேலே, சந்தையின் வல்லுநர்கள் கருவியை நேரில் பரிசோதித்துவிட்டார்கள் என்பதற்கான பச்சை முத்திரை. முத்திரை பெற்ற கருவிகளின் விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பரிசோதனைக் கட்டணம் என்று ஒரு தொகையை வாங்குபவரிடமே வசூலிக்கிறார்கள். நான் கொடுத்த 62,000இல் அந்தக் கட்டணமும் அடக்கம்.

முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு நான் பணம் அனுப்பவில்லை. விற்பவரிடம் வீடியோ அழைப்பில் நெடுநேரம் பேசினேன். எந்த மாதிரி இசை வாசிக்கிறேன், இசைக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள், ஒலிப்பதிவு எப்போது என்றெல்லாம் அவரே அக்கறையாக விசாரித்தார். நெக்கின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து நெக்கின் நீளத்தோடு கேமராவை வைத்துக் காட்டினார். கோடு போட்டதுபோல் நேராகத்தான் தெரிந்தது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளைக் காட்டினார், தேய்மானம் குறைவு. பிறகு வாசித்தும் காட்டினார். ஒலி தெளிவாக இருந்தது. ட்ரஸ் ராடைப் பற்றி இரண்டாம் முறை கேட்டபோது அவர் சொன்ன வாக்கியம் இன்னும் காதில் கேட்கிறது: "தம்பி, நானும் இருபது வருடமாக பேஸ் வாசிக்கிறவன்தான். ஒரு பேஸ்காரன் இன்னொரு பேஸ்காரனை ஏமாற்றுவானா?" இதைச் சொல்லும்போது அவர் மடியில் அந்தக் கருவி இருந்தது, விரல்கள் கம்பிகளின் மேல் பழகிய கையாக ஓடிக்கொண்டிருந்தன. சரி அண்ணா, அனுப்புங்கள் என்றேன். கார்டுக்குப் பதிலாக நேரடி வங்கிப் பரிமாற்றமாகச் செலுத்தினால் சிறு தள்ளுபடி உண்டு என்று சந்தையின் பக்கமே பரிந்துரைத்தது. அப்படியே 62,000 போய்ச் சேர்ந்தது.

பெட்டியைப் பிரித்துக் கருவியை ட்யூனரில் போட்டதுமே முதல் உறுத்தல். நான்கு கம்பிகளும் சொல்லிவைத்தாற்போல் சரியாக இரண்டு ஃப்ரெட் அளவுக்குத் தாழ்த்தப்பட்டிருந்தன. அனுப்பும்போது கம்பியைத் தளர்த்துவது வழக்கம்தான். ஆனால் அப்படித் தளர்த்தினால் கம்பிகள் தாறுமாறாகத் தொங்கும், ஒன்றுக்கொன்று சுதி சேர்ந்து நிற்காது. கைபேசியில் பதிவாகியிருந்த அந்த அழைப்பின் வீடியோவை மறுபடி ஓடவிட்டு ட்யூனரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 41 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய ஈ கம்பி, வீடியோவிலும் 37க்குப் பக்கத்தில் டி சுரத்தில்தான் ஒலித்தது. கருவியைத் தனியாக வாசித்துக் காட்டும்போது ஒப்பிட வேறு ஒலி எதுவும் இல்லாததால் இதைக் காது கண்டுபிடிக்காது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரோ அந்த அடி ஒலியைச் சரியாகக் கொடுக்கவே கொடுக்காது.

ஏன் தாழ்த்தினார் என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த மோசடி விளங்கும். வழக்கமான பருமனுள்ள நான்கு பேஸ் கம்பிகள் சரியான சுதியில் இருக்கும்போது, நெக்கை ஏறக்குறைய 70, 80 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் முன்பக்கமாக வளைக்கப் பார்க்கின்றன. அதை எதிர்த்து நிற்பதற்குத்தான் நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி இருக்கிறது. சுதியை இரண்டு ஃப்ரெட் அளவு தாழ்த்தினால் இந்த இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ட்ரஸ் ராட் செத்துப்போன நெக்கைக்கூட அந்தத் தளர்ச்சியில் கேமரா முன்னால் நேரானதாகக் காட்டிவிடலாம். நான் கம்பிகளை முறையான சுதிக்கு ஏற்றினேன். மறுநாள் காலையில் நெக் வில்லாக வளைந்திருந்தது. முதல் ஃப்ரெட்டையும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்ப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. நல்ல நிலையில் அங்கே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். என்னுடையதில் நான்கு அட்டைகளை அடுக்கிச் செருகியும் கம்பியைத் தொடவில்லை.

வளைவு இருந்தால் ட்ரஸ் ராடை முறுக்கிச் சரிசெய்யலாம் என்பீர்கள். ஹெட்ஸ்டாக்கில் உள்ள சிறிய மூடியைக் கழற்றி ஆலன் கீயை நுழைத்தால், அறுகோணமாக இருக்க வேண்டிய துளை தேய்ந்து உருண்டையாகிக் கிடக்கிறது. சாவி எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். விளக்கையும் பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்த அவர், நட்டைச் சுற்றி மஞ்சளாக இறுகியிருந்த பசையை ஊசிமுனையால் சுரண்டிக் காட்டினார். மரை அறுந்துபோன நட்டை யாரோ பசை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நெக்கையே மாற்றுவதுதான் வழி, அதற்கு ஆகும் செலவு இந்தக் கருவிக்குத் தகாது என்றார்.

பிக்கப்பிலும் பித்தலாட்டம். இந்த வகைக் கருவியில் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்கி, ஒலி நிறைவாக வர வேண்டும். என்னுடையதில் இரண்டையும் திறந்தால் அடி ஒலியே காணாமல் போய், தகர டப்பாவைத் தட்டுவதுபோல் மெல்லிய சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிர்க் கட்டத்தில் இருந்து, ஒன்றின் ஒலியை மற்றொன்று அழிப்பதன் அறிகுறி இது. கழற்றிப் பார்த்தால் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் வேறு ஏதோ கருவியிலிருந்து பெயர்த்து வந்தது. வயரின் நிறம்கூட ஒத்துப்போகவில்லை. அந்த வீடியோ முழுவதையும் அவர் ஒரே பிக்கப்பில் வாசித்து முடித்தது தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தக் கருவியை நம்பித்தான் ஒலிப்பதிவுக்கு நாள் குறித்திருந்தோம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டைத் தாண்டினால் சுதி நிற்காத பேஸை வைத்துக்கொண்டு எதைப் பதிவு செய்வது? டிஐ பெட்டி (கருவியை நேரடியாக ஒலிப்பதிவு அமைப்பில் இணைக்கும் பெட்டி) வழியாகவும் ஆம்ப் முன் மைக் வைத்தும் எடுத்துப் பார்த்தோம்; கருவியிலேயே இல்லாத சுதியை இரண்டும் கொடுக்கவில்லை. கீபோர்டும் பேஸும் சேரும் இடங்களில் எல்லாம் முரண்பட்டது. அன்றைய பதிவு ரத்தானது. என்னை நம்பி வந்த குழுவினரின் நாளும் வீணானது. அந்த இழப்பை நான் 62,000இல் சேர்க்கவில்லை.

இனி சந்தையின் வாடிக்கையாளர் சேவை. கருவியைத் திரும்ப ஒப்படைக்க 7 நாள் அவகாசம் என்பது அவர்கள் எழுதிவைத்த விதி. வளைவைக் கண்ட அன்றே புகார் எழுதினேன். "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று தானியங்கிப் பதில் வந்தது. அடுத்துப் பேசியவர் புகைப்படங்கள் கேட்டார்; அனுப்பினேன். அவருக்குப் பின் வந்தவர், முந்தையவரிடம் நான் சொன்ன எதுவுமே தமக்குத் தெரியாதென்று அதே புகைப்படங்களை மறுபடி கேட்டார். பிறகு ஒருவர், தட்பவெப்பம் மாறினால் மரம் வளைவது இயற்கை என்று எனக்குப் பாடம் நடத்தினார். ஈரப்பதத்தால் நெக் சிறிது அசையும் என்பது உண்மைதான். அதைச் சரிசெய்யத்தானே ட்ரஸ் ராட் இருக்கிறது? தட்பவெப்பமா அறுகோணத் துளையைத் தேய்த்து, உள்ளே பசையையும் ஊற்றியது? இதைக் கேட்டதற்குப் பதில் இல்லை.

அதன் பிறகு, பழுதுபார்ப்பவரிடமிருந்து எழுத்துமூலம் சான்று வேண்டும் என்றார்கள். அவரும் பெருந்தன்மையாக எழுதிக் கொடுத்தார், பசையைப் படமெடுத்தும் இணைத்தார். அதைப் படித்துவிட்டு அவர்கள் சொன்ன பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை: "கருவி மூன்றாம் நபரால் திறக்கப்பட்டிருப்பதால் திரும்பப் பெறும் தகுதியை இழக்கிறது." மூடியைத் திறக்காமல் ட்ரஸ் ராடைப் பற்றி எப்படிச் சான்று எழுதுவது? சான்று கேட்டவர்களே அவர்கள்தானே? இந்தக் கடிதப் போக்குவரத்துக்குள் 7 நாளும் ஓடிப்போயிருந்தது. அவகாசம் முடியும்வரை விற்பவருக்குப் பணம் போகாமல் தங்களிடமே பத்திரமாக இருக்கும் என்று விளம்பரப்படுத்துகிறவர்கள், என் புகார் நிலுவையில் இருக்கும்போதே மொத்தப் பணத்தையும் விடுவித்துவிட்டார்கள். கடைசியில் ஆறுதலாக, அடுத்த கொள்முதலுக்கு 1,500 தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். 62,000ஐ விழுங்கிவிட்டு, இன்னொரு முறை வந்து வாங்கச் சொல்கிறார்கள்.

முத்திரை குத்திய வல்லுநர் யார், எந்தத் தேதியில் பரிசோதித்தார், என்னென்ன அளவுகளைக் குறித்தார் என்று பரிசோதனை அறிக்கையைக் கேட்டேன். அது உள் ஆவணம், பகிர இயலாது என்றார்கள். கருவியை எவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதே என் முடிவு. விற்பவரை அழைத்தேன். "நான் அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது தம்பி, நீங்கள் என்ன செய்தீர்களோ" என்றார். அடுத்த அழைப்பிலிருந்து என் எண் தடுக்கப்பட்டுவிட்டது. கார்டில் செலுத்தியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் எழுப்ப ஒரு வழி இருந்திருக்கும்; அந்தத் தள்ளுபடியைக் காட்டிச் சந்தை அதையும் அடைத்து வைத்திருந்தது. நுகர்வோர் குறைதீர்ப்புக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய பேஸ் வாங்குவது பற்றி விரிவாக எழுதித் தருகிறேன் என்று குழு நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போதிருக்கும் மனநிலையில் இவ்வளவுதான் முடிகிறது. வீடியோவில் ஹெட்ஸ்டாக்கில் ட்யூனர் மாட்டியிருக்க வேண்டும், திறந்த கம்பிகள் நான்கும் சரியான சுதியில் நிற்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூடியைத் திறந்து ட்ரஸ் ராட் நட்டைக் கால் சுற்றாவது இரு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கருவி வேண்டாம். ஒவ்வொரு கம்பியிலும் கடைசி ஃப்ரெட்வரை ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிக்கப்புகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கேளுங்கள். பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்காமல் முத்திரைக்காகக் காசு கொடுக்காதீர்கள். எந்தத் தள்ளுபடி கிடைத்தாலும் நேரடிப் பரிமாற்றம் செய்யாதீர்கள். விளம்பரத்தைப் பணம் அனுப்பும் முன்பே படமெடுத்து வையுங்கள். என் கருவியின் விளம்பரம் புகாருக்குப் பிறகு நீக்கப்பட்டுவிட்டது, வீடியோ என் கைபேசியில் இருந்ததால்தான் சுதியைப் பற்றி இவ்வளவும் சொல்ல முடிகிறது.

அதே விற்பவர் இப்போது ஐந்து கம்பி பேஸ் ஒன்றை அதே பச்சை முத்திரையோடு விற்பனைக்குப் போட்டிருக்கிறார். பழுப்புத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே பிக்கப்பில் வாசிக்கும் வீடியோ அதிலும் இருக்கிறது. அதற்கு விலை பேசிக்கொண்டிருப்பவர் யாராவது இதைப் படித்தால், பணம் அனுப்புவதை இப்போதே நிறுத்துங்கள்.