நிக்கோடின் சூயிங்கமும் தேநீர் நேரமும்: சிகரெட்டை விட்ட முதல் வாரங்களின் அனுபவம்

சிகரெட்டை நிறுத்த நினைப்பவருக்கு மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் துணை நிக்கோடின் சூயிங்கம். அதன் உதவியோடு நான் சிகரெட்டை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இன்றைக்குச் சூயிங்கமும் தேவைப்படுவதில்லை. இது பயனுள்ள மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இது எந்தத் தவிப்பைத் தணிக்கும், எதைத் தணிக்காது என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கினால், இரண்டே நாளில் "இது வேலைக்கு ஆகாது" என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பெட்டிக்கடை வாசலில் நிற்க நேரும். அப்படித் தூக்கிப் போட்டவர்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குக் குடியிருப்பு தமிழ்நாட்டுக் கம்பம் ஊரில், வேலை எல்லை தாண்டிக் கேரளத்துக் குமுளியில். ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்க்கிறேன். தோட்டத்திலிருந்து காய் ஏற்றிவரும் ஜீப் ஓட்டுநர், சல்லடையில் காயைத் தரம் பிரிப்பவர், விலை பேச வந்த வியாபாரி என யாராக இருந்தாலும், "வாங்கண்ணே, ஒரு டீயைப் போட்டுட்டு வருவோம்" என்பதில்தான் பேச்சே தொடங்கும். டீ என்றால் கூடவே சிகரெட்டும் உண்டு. காலையில் பல் துலக்கும் முன்பே ஒன்று, லோயர் கேம்ப் தாண்டி மலையேறிய பேருந்திலிருந்து இறங்கியதும் ஒன்று என்றுதான் எனக்கும் பொழுது விடிந்துகொண்டிருந்தது.

வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது வீரியம். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவுகள் உண்டு. எத்தனை சிகரெட் பிடிக்கிறோம் என்பதைவிட, காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறோம் என்பதே இதற்குச் சரியான அளவுகோல். விழித்த அரை மணி நேரத்துக்குள் கை சிகரெட்டைத் தேடுகிறது என்றால் 4 மில்லிகிராம். அதற்கு மேல் பொறுக்க முடிகிறது என்றால் 2 மில்லிகிராம். நான் முதல் வகையைச் சேர்ந்தவன். 2 மில்லிகிராமைக் கேட்டவுடன் கொடுத்த கடைக்காரர், 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்றார். சீட்டுக்காகப் போன அந்த ஒரு நடையில் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள முடிந்தது. என்னைப் போல விழித்ததும் புகைத்தவர்கள் அந்த நடைக்குச் சோம்பல்பட்டுக் குறைந்த வீரியத்தோடு தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் வாரத்தில் போதாமல் போகும் மருந்து மனத்தளர்ச்சியைத்தான் கொடுக்கும்.

இனி, மெல்லும் முறை. இதைச் சாதாரணச் சூயிங்கம் போல மெல்லக் கூடாது. பத்துப் பதினைந்து முறை மெதுவாக மென்றதும் மிளகு கடித்தது போன்ற ஒரு காரமும் நாக்கின் ஓரத்தில் சுருக்கென்ற உணர்வும் வரும். வந்தவுடன் மெல்லுவதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் சில மெல்லல். பிறகு வேறு பக்கத்தில் ஒதுக்கல். இப்படி ஏறத்தாழ அரை மணி நேரம் ஒரே துண்டு உழைக்கும். நிக்கோடின் வாயின் உட்சவ்வு வழியாகத்தான் இரத்தத்தில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய்ப் பெரும்பகுதி கல்லீரலில் சிதைந்துவிடும், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். எங்கள் கடைக்கு வரும் ஓட்டுநர் ஒருவர் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டு வண்டி ஓட்டிக்கொண்டே கடகடவென்று மென்றிருக்கிறார். வண்டிப்பெரியாறு போய்ச் சேரும்வரை விக்கல் நிற்கவில்லையாம். "நமக்கு ஒத்துக்கிறலண்ணே" என்று மீதி அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். மருந்தின் மேல் குறை இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் வாங்கிய அட்டையோடு வந்த தாளிலும் எல்லாம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்தான் இருந்தது. புகைப்பிடிப்பவர்களில் பெரும்பாலோர் படிக்க முடியாத மொழியில் மெல்லும் முறையை அச்சிட்டு வைப்பதால் என்ன பயன்?

இன்னொரு நுட்பம், எங்களைப் போன்ற டீக்கடை மனிதர்களுக்கு மிக முக்கியமானது. வாயில் காரத்தன்மை (மிளகுக் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை) இருந்தால்தான் நிக்கோடின் உட்சவ்வைக் கடந்து போகும். அதற்காகவே சூயிங்கத்தில் கார உப்பைச் சேர்த்துச் செய்கிறார்கள். காப்பி, பழச்சாறு, சோடா போன்றவை வாயைப் புளிப்பாக்கிவிடுவதால், அவற்றைக் குடித்த கையோடு சூயிங்கத்தைப் போட்டால் பாதி வீணாகும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது, மெல்லும்போதும் கூடாது. டீயைக் குடித்துவிட்டு, சிகரெட் நினைப்பு வந்ததும் அவசரமாக ஒன்றை எடுத்து வாயில் போடுகிறவர், அது வேலை செய்ய முடியாத நேரமாகப் பார்த்துப் போடுகிறார்.

சிகரெட் புகையை இழுத்த பத்து இருபது நொடிகளில் நிக்கோடின் மூளையைத் தொட்டுவிடும். சூயிங்கத்தில் அது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடமாவது ஆகும். ஆனால் ஒரு தவிப்பு உச்சத்தில் நிற்பதோ பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். ஆகவே தவிப்பு வந்த பிறகு மெல்லத் தொடங்கினால், தவிப்பு தானாக ஓய்ந்த பின்புதான் மருந்து வந்து சேரும். இதனால்தான் முதல் ஆறு வாரங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு என்று கடிகாரத்தைப் பார்த்துப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 24 துண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஏலக்காயை ஸ்டோரில், அதாவது சூடேற்றிக் காய வைக்கும் கூடத்தில், உலர்த்துவது போலத்தான் இதுவும்: சீரான மெல்லிய சூடு விடாமல் இருக்க வேண்டும், கடைசி நேரத்தில் தீயைக் கூட்டிப் பயனில்லை. நேரம் தவறாமல் எடுத்தபோது எனக்குக் கை நடுக்கமும், யாரைக் கண்டாலும் எரிந்து விழும் ஆத்திரமும், கணக்கில் மனம் நிற்காத நிலையும் தெளிவாகக் குறைந்தன. இரத்தத்தில் நிக்கோடினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதை அறிந்தால், அந்த ஆத்திரம் ஏன் மணி பார்த்து வருகிறது என்பதும் புரியும்.

இதுவரை சொன்னது உடம்பின் தவிப்பு. நேரமும் இடமும் கிளப்பிவிடும் தவிப்பு வேறு. அதற்கு இந்த மருந்து துணையாகாது. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியத்தின்) மின்னணு ஏலம் நடக்கும் நாட்களில் இதைத் தெளிவாக உணர்ந்தேன். திரையில் விலை ஒவ்வொரு ரூபாயாக ஏறும். நம் லாட், அதாவது ஏலத்துக்கு வைத்த நம் சரக்கு, எந்த விலையில் நிற்கப்போகிறது என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். முடிந்த நொடியில், விலை நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், கால் தானாக வெளியே நடக்கும். காலையிலிருந்து சூயிங்கத்தை ஒழுங்காக எடுத்திருந்தேன், உடம்பில் நிக்கோடினுக்குக் குறைவில்லை. இருந்தும் விரல்கள் சட்டைப்பையைத் தடவின. அந்தக் கணத்தில் வேண்டியது கைக்கும் வாய்க்கும் ஒரு வேலை.

எனக்கு அந்த வேலையைக் கொடுத்தது எங்கள் சரக்கேதான். ஓர் ஏலக்காயை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, உள்ளே மூன்று அறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்த விதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிப்பேன். அவசரப்படாமல் செய்தால் ஒரு காய்க்கு நான்கைந்து நிமிடம் பிடிக்கும். தவிப்பின் உச்சமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஏலக்காய் நிக்கோடினுக்கு மாற்று மருந்து என்று நான் சொல்லவில்லை. அது விரலுக்கு வேலை கொடுத்தது, வாய்க்குக் காரம் கொடுத்தது, நேரத்தைக் கடத்தியது. வேறு ஊர்க்காரர்களுக்குக் கிராம்போ சோம்போ போதும். பாக்குக்கு மட்டும் போய்விடாதீர்கள். சிகரெட்டை விட்டுவிட்டுப் பாக்குப் பொட்டலத்திலும் ஹான்ஸ் என்னும் வாயில் அடக்கும் புகையிலையிலும் விழுந்தவர்களை ஜீப் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிறேன். புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

தேநீரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சிகரெட் புகை, கல்லீரலைக் காஃபினை வேகமாகச் சிதைக்க வைக்கிறது. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, குடிக்கும் டீயின் அளவு மாறாமலேயே இரத்தத்தில் காஃபின் ஏறத்தாழ இரு மடங்காகலாம். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் என்று வருபவற்றை எல்லாம் சிகரெட் இல்லாததன் விளைவு என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் ஒரு பங்கு டீயுடையது. எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) மணிக்கொருமுறை கைக்கு வரும் ஊர் எங்களுடையது. நான் டீயைப் பாதியாகக் குறைத்தேன், மாலை நான்கு மணிக்குப் பிறகு தொடவே இல்லை; அந்த வாரத்திலேயே தூக்கம் சீராகத் தொடங்கியது. டீக்கடைக்குப் போவதையே நிறுத்தச் சொல்லும் அறிவுரை எங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. எனவே நிற்கும் இடத்தை மாற்றினேன்: பெட்டிக்கடையின் கொளுத்திய கயிறு தொங்கும் பக்கத்தில் நிற்காமல், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன்.

உள்ளே உட்காருவதில் இங்கே ஒரு வசதியும் இருக்கிறது. பொது இடங்களில் புகைப்பதை 1999 ஜூலையிலேயே தடைசெய்தது கேரள உயர் நீதிமன்றம். நாடு முழுவதற்குமான இப்போதைய விதி நடைமுறைக்கு வந்தது 2008 அக்டோபர் 2 அன்று, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். நான் பார்த்தவரையில், குமுளிக் கடைகளுக்குள் பற்றவைக்க ஆட்கள் தயங்குகிறார்கள், பக்கத்து மேசைக்காரரும் தட்டிக் கேட்கிறார். முதல் இரண்டு வாரங்களில் அடுத்தவர் விடும் புகையின் வாசனையே போதும் மனத்தைக் கவிழ்க்க; அப்போது இப்படிப்பட்ட இடத்தில் வேலை அமைந்தது எனக்குப் பெரிய பாதுகாப்பு.

முதல் மூன்று நான்கு நாட்கள்தான் மிகக் கடினம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் உடம்பின் தவிப்பு படிப்படியாகத் தணிகிறது. மலச்சிக்கல், வாய்ப்புண், கூடுதல் பசி எல்லாம் வந்தன, போயின. இருமல் குறையாமல் கூடியதைக் கண்டு வீட்டில் பயந்தார்கள். சுவாசக்குழாயில் செயலிழந்திருந்த நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிச் சளியை வெளித்தள்ளுவதால் இப்படி நேர்வதுண்டு. மனைவியிடம் முன்கூட்டியே, "இந்த வாரம் நான் கத்தினால் அது என் பேச்சில்லை, பொறுத்துக்கொள்" என்று சொல்லி வைத்திருந்தேன். இப்படிச் சொல்லி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. எல்லாரும் செய்ய வேண்டியது.

"சிகரெட்டை விட்டுச் சூயிங்கத்துக்கு அடிமையாகிவிட மாட்டோமா?" என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். நிக்கோடின் அடிமைப்படுத்தும் பொருள்தான். ஆனால் புற்றுநோயையும் மாரடைப்பையும் பெரும்பாலும் கொண்டுவருபவை எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் பிற நச்சுகளும்தான். மெதுவாகச் சேரும் நிக்கோடினுக்கு ஆளைப் பிடித்து இழுக்கும் வலுவும் குறைவு. உலக சுகாதார அமைப்பு 2009 இல், சிகரெட்டுக்கு மாற்றாக நிக்கோடினைத் தரும் இந்தச் சிகிச்சையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஏழாம் வாரத்திலிருந்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, பத்தாம் வாரத்திலிருந்து நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று குறைத்து, பன்னிரண்டு வாரத்தில் நிறுத்துவதுதான் முறை. எனக்கு அதைவிடச் சற்று அதிக காலம் பிடித்தது, அதில் வருத்தமில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், தாடை மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பல்செட் வைத்திருப்பவர்களுக்கு இது ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை பொருத்தமாக இருக்கும். மென்று முடித்ததைத் தாளில் சுற்றிக் குழந்தைகள் கைக்கு எட்டாதபடி போட வேண்டும். அதில் மிச்சமிருக்கும் நிக்கோடின் சிறு பிள்ளைக்குத் தீங்கு செய்யப் போதும்.

நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று சூயிங்கத்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தக் கூடாது; அடுத்த வேளைத் துண்டை வழக்கமான நேரத்தில் எடுத்துக்கொண்டு, மீதிச் சிகரெட்டைக் கையில் வைத்திருக்காமல் அப்போதே போட்டுவிட வேண்டும். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால், சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ், மலையாளம் இரண்டிலும் ஆலோசனை கிடைக்கிறது. அழைப்பதற்கு முன் உங்களுக்குத் தவிப்பு அதிகமாக வரும் நேரங்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் சூயிங்கம், எந்த நேரத்தில் வேறு வேலை என்று பிரித்துக்கொள்ள அந்தத் தாள் உதவும்.