வெறும் வயித்துல வாங்க

சேலத்தில் சுகர் டெஸ்ட் என்றால் விடிந்ததும் ஒரு குத்து, டிபன் முடிந்து இன்னொரு குத்து. அந்த முறையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் கிட்னி மாற்றியவருக்குப் புதிதாக வருகிற சர்க்கரையை விடியற்காலையில் தேடினால் பல சமயம் அகப்படாது.

ஐந்து ரோடு பக்கம் ஒரு லேப். கிட்னி மாற்றி ஐந்தாவது மாதத்தில் இருக்கும் ஒருவர் போனார், காலையில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம் போடுகிறவர். வெறும் வயிற்றில் 96. "நார்மல்தானுங்க, கெளம்புங்க." சாயங்காலம் நாலு மணிக்கு ஒருமுறை எடுங்கள் என்றால், "அந்நேரத்துக்கு யாருங்க சுகர் பாப்பாங்க?" சீட்டில் எழுதவில்லை, மேடம் சாப்பிடப் போயிருக்கிறார் என்று முக்கால் மணி நேரம் இழுத்தார்கள். கடைசியில் எடுத்தால் 243! லண்டன் மீட்டரில் அலகு வேறு, இதுவே 13.5. அங்கிருந்து வருகிறவர்கள் 18ஆல் பெருக்கிச் சொன்னால்தான் இங்கே கவுண்டரில் புரியும்.

காரணம் எளிது. காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு மத்தியானச் சோற்றோடு சேர்ந்து சாயங்காலம் வரை சர்க்கரையை ஏற்றும். ராத்திரி இறங்கிவிடும், விடிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். உடல் புது கிட்னியை எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை வேறு கணையத்தில் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். அதற்காக இரண்டில் எதையும் நாமாக நிறுத்தக் கூடாது, கிட்னி போய்விடும். மூன்று மாத சராசரி டெஸ்டும் ஆரம்ப மாதங்களில் ஏமாற்றும். ரத்தம் ஏற்றியிருந்தால் குறைத்தே காட்டலாம். சந்தேகம் இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய்தான்.

அதே கவுண்டரில், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் டெஸ்டுக்கு, "மாத்திரை போட்டுட்டே வாங்க" என்றார்கள். பிரஷர் மாத்திரை என்று நினைத்தார்களோ என்னவோ. காலை, ராத்திரி என இருவேளை போடுகிறவருக்கு முந்தைய ராத்திரி மாத்திரையிலிருந்து 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் ரிப்போர்ட்டில் அளவு எகிறி நிற்கும். அதை நம்பி டாக்டர் டோஸைக் குறைத்தால், உடல் புது கிட்னியை எதிர்க்க வழி விட்டதாகிவிடும். லண்டனில் காலை மாத்திரையைப் பையில் கொண்டுவரச் சொல்லி, குத்திய பிறகுதான் போடச் சொல்வார்கள்.

மறுநாள் வேறொரு லேபிலிருந்து ஏழரை மணிக்கு பைக்கில் ஒரு தம்பி வீட்டுக்கே வந்தார். ஊசியை எடுக்கும் முன் முதல் கேள்வி: "நேத்து ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்குங்க போட்டீங்க?" ஏழரை என்றதும் ஊதா மூடி டியூபில் அந்த நேரத்தையும் எழுதிக்கொண்டார். லண்டனில் இதற்காக வாசலுக்கு யார் வருவார்கள்?

மருந்துக்கடையில் ஒன்றைக் கவனியுங்கள். "அதே மருந்துதாங்க, கம்பெனிதான் வேற" என்று டாக்ரோலிமஸை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கம்பெனி மாறினால் ரத்தத்தில் அளவும் மாறலாம். ஏற்காட்டில் பம்பளிமாஸ் கண்ணில் பட்டாலும் வேண்டாம், அந்தப் பழம் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். இன்சுலின் பேனாவைக் கார் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு மலை ஏறாதீர்கள். சேலத்து வெயிலில், அடிவாரம் வருவதற்குள்ளேயே அது வெந்துவிடும்.