சொல்லிக் கொடுப்பதா, செய்து பழக விடுவதா?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் புதிதாக வருபவரைப் பழக்க இரண்டு வழி உண்டு. ‘பட்டையை மட்டும் வெட்டு, உள்ளே இருக்கும் தடியில் கத்தி படக்கூடாது’ என்று சொல்லிக் கொடுக்கலாம். இல்லை, கத்தியைக் கொடுத்து வெட்ட விடலாம். விதியைக் கேட்டு நடப்பதையும் விளைவைக் கண்டு பழகுவதையும் 1960களில் நடத்தை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தனித்தனியாகப் பிரித்துப் பேசினார்.

பலன் தாமதமாக வரும் இடத்தில் விதிதான் மேல். ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் குறையாது. காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, திரும்ப வெட்ட முடியாமல் போவது தெரியச் சில வருடங்கள் ஆகும். உயிருக்கு ஆபத்தான இடத்திலும் விதிதான் மேல்: முட்டம் கடற்கரைப் பாறையில் அலையடிக்கும்போது நிற்காதே என்பது போல. பட்டுத்தான் தெரிந்துகொள்வேன் என்றால் ஆள் மிஞ்ச வேண்டுமே!

சரி, வெட்டின் சரிவு சுமார் 30 டிகிரி என்று சொல்லிவிடலாம். கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? அது வெட்டி வெட்டித்தான் வரும்.

விதிக்கு இன்னொரு குறை, பிடிவாதம். பொத்தானை அழுத்திப் பரிசு பெறும் ஆய்வகச் சோதனைகளில், வழி சொல்லித் தரப்பட்டவர்கள் பரிசுமுறை மாறிய பிறகும் பெரும்பாலும் பழைய வழியிலேயே அழுத்தினார்கள். தானாகக் கண்டுபிடித்தவர்கள் சீக்கிரம் மாறிக்கொண்டார்கள்.

அதனால் நான் விதியோடு காரணத்தையும் சொல்லுவேன். பழைய மரத்தின் முண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவேன். வெறும் விதி என்றால், மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் கத்தி ஆழமாக இறங்கிவிடும்.