நான்-ரிட்டர்ன் வால்வு வேலையில் நடக்கும் ஏமாற்று: தரைத்தள வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

சென்னை வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு. பாதாள சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் இருக்க வால்வு போட்டுத் தருவதாகச் சொல்லி ஒரு ஒப்பந்தக்காரர் 24,000 ரூபாய் வாங்கினார். அடுத்த கனமழையில் குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் நாணி ட்ராப் வழியாகக் கழிவுநீர் பொங்கி ஹால் வரை வந்துவிட்டது. மெத்தை, பீரோவின் கீழ்த்தட்டுத் துணிமணி, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் எல்லாம் நாசம். கொடுமை என்னவென்றால், வந்தது தெருத் தண்ணீரே இல்லை. மேல்மாடிக்காரர்கள் ஃப்ளஷ் செய்த தண்ணீர். ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால் "மழை ஜாஸ்தி சார், நாங்க என்ன பண்றது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

தப்பு மழை மேல் இல்லை, வால்வு வைத்த இடத்தில். தெரு மேன்ஹோல் நிரம்பும்போது வால்வின் நாக்கு, அதாவது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் தட்டு, மூடிக்கொள்ளும். அதன் வேலையே அதுதான். ஆனால் மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுக் கழிவும் வெளியே போக முடியாது. மாடிக் குழாயும் தரைத்தளக் குழாயும் ஒன்றுசேர்ந்த பிறகு, காம்பவுண்டு ஓரத்தில் ஒரே ஒரு வால்வைப் போட்டால், மாடியில் ஊற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் இருக்கிற தாழ்ந்த திறப்பு கீழ்வீட்டு நாணி ட்ராப்தான். தரைத்தளக் குழாய்க்கு மட்டும் வால்வு போட்டு, மாடிக் குழாயை வால்வைத் தாண்டித் தெருப் பக்கச் சேம்பரில் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட தொட்டியில்) சேர்க்க வேண்டும். இதற்குப் புதிதாகக் குழாய் பதிக்கணும், தரையை வெட்டணும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் ஓரத்தில் ஒன்றைச் சொருகிவிட்டுப் போகிறார்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு டியூப் லெவல் பிடித்துப் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் அதே தண்ணீர் டியூப் போதும். ஒரு முனை தெரு மேன்ஹோல் மூடியின் மட்டத்தில், இன்னொரு முனை குளியலறைத் தரையில். தரை மூடியைவிட நல்ல உயரத்தில் இருந்தால், மேன்ஹோல் நிரம்பினாலும் தண்ணீர் தெருவில்தான் வழியும். தெருவில் தேங்குவது உங்கள் தரை மட்டத்தைத் தொடாதவரை வால்வே தேவையில்லை. தரை தாழ்ந்திருந்தால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. அளக்காமல் விலை சொல்கிற ஆளை நம்பவே நம்பாதீர்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வால்வின் உடம்பில் தண்ணீர் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அது தெருவைப் பார்க்க வேண்டும். மாற்றிப் பொருத்திய வீடுகளும் உண்டு. அங்கே முதல் நாளே அடைத்துக்கொள்ளும். வால்வுக்கு மேலே திறக்கிற மூடியோடு சேம்பர் கட்டாயம் வேண்டும். மண்ணைப் போட்டு மூடி மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டால், நாக்கில் ஒரு துணித்துண்டோ முடிக்கற்றையோ சிக்கியதும் வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரு தீக்குச்சி அளவு இடைவெளி போதும், விடிவதற்குள் வீடு நிரம்பிவிடும்.

மூடுவதற்கு முன் சோதிக்கச் சொல்லுங்கள். தெருப் பக்கச் சேம்பரிலிருந்து வெளியே போகும் குழாயை மணல் மூட்டையால் இறுக அடைத்து, வால்வு மட்டத்துக்கு மேல் நிற்கும்வரை அந்தச் சேம்பரில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் வீட்டுப் பக்கச் சேம்பரில் தண்ணீர் ஏறினால் வால்வு பிடிக்கவில்லை. சோதனை முடிந்ததும் மூட்டையை எடுத்தார்களா என்று கண்ணால் பாருங்கள்.

சேம்பரைச் சுத்தம் செய்ய "ஆளை இறக்கி எடுத்துடலாம், செலவு கம்மி" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், உள்ளே இருக்கும் விஷவாயுவில் உயிரே போகும். அதேபோல் தெருவில் தண்ணீர் நின்றால் பாதாள சாக்கடை மூடியைத் திறந்துவிடுவதும் வேண்டாம். மழைநீர் மொத்தமும் அந்தக் குழாயில் இறங்கி, அடுத்த தெருவின் தாழ்ந்த வீட்டுக் குளியலறையில் பொங்கும். மொட்டை மாடி மழைக்குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் விட்டிருப்பவர்களும் அண்டை வீட்டுக்கு இதையேதான் செய்கிறார்கள்.

வடிகாலில் போகாத மழைநீர்தான் இப்படிச் சாக்கடையை நிரப்புகிறது. வால்வுக்கு இவ்வளவு பணத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வைப்பதே மழைநீர் வடிகால் பராமரிப்பின் லட்சணம்தான். தூர்வாரி எடுத்த வண்டலை வடிகால் ஓரத்திலேயே "காயட்டும்" என்று குவித்துவைப்பார்கள். முதல் மழையில் அது அப்படியே உள்ளே இறங்கும். தெருவிலிருந்து வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் வாய்களைத் தார் போட்டு அடைத்துவிடுவார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போடக்கூடாது என்று 2021-இல் அரசு அறிவுறுத்தியும், சாலை உயர்ந்து வீடு பள்ளமான தெருக்கள் ஏராளம். போதாக்குறைக்கு, தென்சென்னைப் புறநகர் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். சதுப்பு நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருந்தால் வடிகாலில் தண்ணீர் நகராது. 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் வெள்ளம் நாள்கணக்கில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு நாளில் எந்த வால்வும் தெருக்கதவு வழியாக வரும் தண்ணீரைத் தடுக்காது. "வெள்ளமே வராது" என்று வால்வு விற்பவர் சொன்னால் அது பொய்.

ஆகஸ்ட், செப்டம்பரிலேயே உங்கள் தெரு வடிகாலைக் கவனியுங்கள். பணியாளர்கள் மூடியைத் திறக்கும்போது ஒரு கம்பை விட்டு வண்டல் எத்தனை அங்குலம் என்று அளந்து, கம்போடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913-க்குப் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு, அந்தத் தெருவின் தூர்வாரும் பணிக்கான அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவை எழுதும் பதிவேடு) நகலையும் பில் நகலையும் கேளுங்கள். அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே)-வில் பணியை நேரில் பார்வையிடும் உரிமையும் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும்.

வால்வுக்காரரிடம் ஏமாந்தவர்கள் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருட அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் காகிதம் வேண்டும். "பிளம்பிங் வேலை" என்று ஒற்றை வரியில் கொடுக்கும் ரசீதை வாங்காதீர்கள். வால்வின் அளவு 110 மி.மீ.யா 160 மி.மீ.யா, எந்தக் குழாயில், எந்த இடத்தில், மாடிக் குழாய் எங்கே சேர்கிறது, மேலே சொன்ன சோதனை எந்தத் தேதியில் நடந்தது, எத்தனை மாத உத்தரவாதம் என்பதெல்லாம் அதில் எழுதிக் கையெழுத்தாகட்டும். அதுவரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.