துரோலி, டிக்கர், கப்பி: மலையகத்தில் விற்கும் இயக்கவியல் பெட்டி வாங்கலாமா?

கண்டி, ஹட்டன் பக்கம் பாடசாலைப் பொருட்கள் விற்கும் கடைகளில் இப்போது ஒரு நீல அட்டைப் பெட்டி கிடைக்கிறது. மேலே ‘இயக்கவியல் பரிசோதனைத் தொகுதி’ என்று மட்டும் இருக்கும், தயாரித்தவர் பெயர் இல்லை. விலை கடைக்குக் கடை மாறினாலும் இருபதாயிரம் ரூபாயை ஒட்டியே நிற்கிறது. உள்ளே 500 கிராம் துரோலி (சில்லு வண்டி) ஒன்று, 60 செ.மீ. பலகை இரண்டு, டிக்கர் (இழுபடும் நாடாவில் சம நேர இடைவெளியில் புள்ளி அடிக்கும் கருவி), அதற்கு 12 வோல்ற்று நிலைமாற்றி, கப்பி இரண்டு, விற்றராசு (வில் தராசு) மூன்று, துளைபோட்ட படிக்கற்கள், ஊசற்குண்டு, நாடாச் சுருள் ஒன்று, ஆங்கிலக் கைநூல் ஒன்று.

முதலில் அந்தக் கைநூலை எடுத்து ஓரமாக வையுங்கள். பெட்டியில் உள்ளவற்றுள் மிக மோசமான பொருள் அதுதான். டிக்கர் செக்கனுக்கு 60 புள்ளி அடிக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே இங்கே அடிப்பது 50 புள்ளி, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேரம் 0.02 செக்கன். ஆர்முடுகலில் (வேகம் கூடும் வீதம்) நேரம் வர்க்கமாக வருவதால் 60 என்று வைத்துக் கணித்தால் விடை 1.44 மடங்காகப் பெருகிவிடும். விழும் கல்லுக்கு 9.6 m/s² வரவேண்டிய இடத்தில் 13.8 வரும். பிள்ளை தன் கணக்குத்தான் பிழை என்று நினைத்து அழித்து அழித்து எழுதும்.

டிக்கர் மட்டும் அருமை. காந்தம் பலமானது, தகடு ஒழுங்காக அதிர்கிறது. மாலையில் வோல்ற்றளவு இறங்கும் தோட்டப் பகுதிகளில் புள்ளி மங்குமே தவிர எண்ணிக்கை மாறாது. அது மின்சாரத்தின் மீடிறனைத்தான் (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதை) பின்பற்றுகிறது, வோல்ற்றளவை அல்ல. பற்றரியில் கொடுத்தால் வேலை செய்யாது, ஆடலோட்டம் (AC) வேண்டும். நாடா காபன் தட்டுக்குக் கீழே போகவேண்டும். மேலே போட்டுவிட்டுப் புள்ளி விழவில்லை என்று டிக்கரைக் கழற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து.

விழும் பொருளைச் சோதிக்க மேசை விளிம்பில் டிக்கரை நிமிர்த்திப் பூட்டி, நாடாவின் நுனியில் படிக்கல்லை ஒட்டி விடுங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து ஐந்து ஐந்து இடைவெளியாக நாடாவை வெட்டினால் துண்டுகள் ஏறத்தாழ 4.9, 14.7, 24.5, 34.3 செ.மீ. என்று வரவேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதைவிட 9.8 செ.மீ. நீளம். துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் படிக்கட்டு மாதிரி தெரியும், சமன்பாடு எழுதாமலே சீரான ஆர்முடுகல் கண்ணுக்கு முன்னால் நிற்கும். கைநூல் சொல்வதுபோல 100 கிராம் கல்லைக் கட்டினால் 8.8 அளவில் நின்றுவிடும். நாடா உராய்ந்து இழுப்பது ஏறத்தாழ 0.1 நியூற்றன். 100 கிராமுக்கு அது பெரிய இழுவை, 500 கிராமுக்கு ஐந்தில் ஒரு பங்கு பாதிப்பு. கல்லை 500 ஆக்கினால் 9.6 கிடைக்கிறது. கனமான பொருள் வேகமாக விழும் என்று யாராவது இதை வைத்து வாதாடினால், நாடாவைக் கழற்றிவிட்டு இரண்டு கல்லையும் ஒன்றாகப் போட்டுக் காட்டுங்கள்.

பலகைதான் தலைவலி. இரண்டு துண்டையும் பூட்டுமிடத்தில் மெல்லிய படி ஒன்று நிற்கிறது, துரோலி அதில் தட்டுப்பட்டு நாடாவில் புள்ளிகள் திடீரென நெருங்கும். உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்துவிடலாம். ஆனால் மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து நடுவில் வளைவதற்கு மருந்தில்லை. முனைக்கு முனை நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அடியில் அட்டை செருகவேண்டும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் உள்ளவர்கள் பெட்டியைச் சுவரோரம் தரையில் வைக்கவே வேண்டாம்.

உராய்வை ஈடுசெய்யப் பலகையின் ஒரு பக்கத்தை உயர்த்தி, தள்ளிவிட்ட துரோலி சம இடைவெளியில் புள்ளி பதிக்கும்வரை சரிவைத் திருத்தவேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு இதற்கு 120 செ.மீ.க்கு 4 செ.மீ. உயரம், அதாவது 30க்கு 1 சரிவு தேவைப்பட்டது. மலைநாட்டு ரயில்பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1. அந்தச் சரிவில் ரயிலுக்கு பிரேக் போடவேண்டும், இந்தத் துரோலிக்கோ தள்ளிவிட்டாலும் நின்றுவிடும் குணம். அச்சுகளில் தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டுச் சில்லுகளைச் சுழற்றியபின் உயரம் 2 செ.மீ. ஆகக் குறைந்தது, 60க்கு 1. கிரீஸ் பூசாதீர்கள், மலைக்குளிரில் இறுகிப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும்.

கப்பியையும் அப்படியே நம்பமுடியாது. இரு பக்கமும் 100 கிராம் தொங்கவிட்டு ஒரு பக்கத்தில் காகிதக் கவ்விகளைச் சேர்த்தால் 6 கிராம் ஏறும்வரை அசையவில்லை. துரோலியை இழுக்கத் தொங்கவிடுவது 50 கிராம்தான் என்றால், அந்த இழுவையில் எட்டில் ஒரு பங்கை கப்பியே விழுங்குகிறது. காரணம் அச்சாணியின் நட்டு இறுகியிருப்பது. அரைச் சுற்று தளர்த்தியதும் 2 கிராமுக்கு வந்தது.

நியூற்றனின் இரண்டாம் விதிப் பரிசோதனையில் கைநூல் இன்னொரு குழி தோண்டுகிறது. தொங்கும் 50 கிராமின் நிறையான 0.49 நியூற்றனை அப்படியே துரோலியின் 500 கிராமுக்குப் பிரயோகிக்கச் சொல்கிறது. உராய்வே இல்லாவிட்டாலும் ஆர்முடுகல் 0.98 வராது, 0.89தான் வரும். தொங்கும் கல்லும் சேர்ந்தே ஆர்முடுகுவதால் திணிவு 550 கிராம். விசையை மாற்றும்போது புதிய கல்லை வெளியிலிருந்து எடுக்காதீர்கள். முதலிலேயே எல்லாக் கல்லையும் துரோலியில் ஏற்றிவைத்து ஒவ்வொன்றாகக் கொக்கிக்கு மாற்றுங்கள். மொத்தத் திணிவு மாறாது, வரைபும் நேர்கோடாக வரும். படிக்கற்களையும் ஒருமுறை நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்ப்பது நல்லது. 100 என்று அடித்த ஒன்று 97.4 கிராம் காட்டியது.

விற்றராசுகள் (2.5, 5, 10 நியூற்றன்) பரவாயில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்கும் கண் இங்கேயும் வேண்டும். தொங்கவிட்டுப் பூச்சியம் திருத்திய தராசைக் கிடையாகப் பிடித்து இழுத்தால் கொக்கியின் நிறை இழுப்பதில்லை, முள் பின்வாங்கும். கிடையில் அளக்கப் போகிறீர்களானால் கிடையிலேயே திருத்துங்கள். முகப்பில் கிராமும் நியூற்றனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் திணிவையும் நிறையையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ள வழி. கிராம் பக்கத்தை ஒட்டுநாடாவால் மூடிவிடலாம்.

ஊசலுக்குத் தந்திருக்கும் முறுக்கு நூலை வீசிவிட்டு மெல்லிய நைலோன் நூல் போடுங்கள், முறுக்கு அவிழும்போது குண்டு தானே சுழல்கிறது. நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்கவேண்டும். கொக்கியோடு நிறுத்தினால் ஒரு மீற்றர் ஊசலில் g (புவியீர்ப்பு ஆர்முடுகல்) ஒரு வீதத்துக்கு மேல் குறைந்து வரும். 10 பாகைக்குள் ஆட்டி 20 அலைவுக்கு நேரம் எடுங்கள். பாடநூலின் 9.81 நமக்குச் சற்று அதிகம். மத்திய கோட்டுக்குக் கிட்ட, அதுவும் 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில், 9.78தான் பொருத்தம். ஒரு மீற்றர் ஊசலில் இந்த வித்தியாசம் 20 அலைவுக்கு 0.06 செக்கன், நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கும் விரலின் தாமதமோ 0.2 செக்கன் வரை போகும். கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பெட்டியால் அளந்து காட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் ரியூசன் வகுப்புக்கோ ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலைக்கோ, அரைநாள் உட்கார்ந்து திருத்த ஆள் இருந்தால், வாங்கலாம். சாதாரண தரத்துக்குத் தனியாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த விலை அநியாயம். அதற்கு ஒரு விற்றராசும் ஊசலும் போதும். வாங்குபவர்கள் கடையிலேயே டிக்கரை இயக்கி ஒரு முழம் நாடா இழுத்துப் பாருங்கள். நாடாச் சுருள் தனியாக விற்பனைக்கு இல்லை. பில் அடிக்கும் 57 மி.மீ. சுருளை வாங்கி ஒரு செ.மீ. அகலமாக நேராக வெட்டிக்கொள்ளலாம். விளிம்பு கோணினால் வழிகாட்டித் துளையில் சிக்கி அந்த ஓட்டமே வீண். வெட்டியதை அரிசி போட்ட டப்பாவில் மூடி வையுங்கள், மூடுபனியில் நனைந்த நாடா சறுக்காது.