ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்: அடுப்புக்கு வெளியே எதற்கு எது?

சமையலை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஆலிவ் எண்ணெயில் வடை சுடலாமா என்ற சண்டை வேறு இடத்தில் நடக்கட்டும். இங்கே பார்ப்பது மற்ற வேலைகளை: தலை, தோல், காது, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது, தோசைக்கல், மரச்சாமான், கதவுக் கீல், சோப்பு. 'ஆலிவ் எண்ணெயின் அற்புதப் பயன்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் இவை எல்லாமே இருக்கும். அந்தப் பட்டியல்கள் ஆலிவ் விளையும் ஊர்ப் பழக்கத்திலிருந்து வந்தவை. ஸ்பெயினிலும் கிரீஸிலும் கை நீட்டினால் கிடைக்கும் எண்ணெய் அதுதான், அதனால் எல்லாவற்றுக்கும் அதையே எடுத்தார்கள். நம் வீட்டில் அந்த இடத்தில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன, பல வீடுகளில் விளக்கெண்ணெயும். ஆகவே ஆலிவ் எண்ணெய் உதவுமா என்று மட்டும் கேட்டால் போதாது. பல மடங்கு காசு கொடுத்து வாங்கும் அளவுக்கு, இருப்பதைவிட அது மேலா என்று கேட்க வேண்டும்.

மூன்றும் எண்ணெய்தான் என்றாலும் உள்ளே வேறு வேறு சரக்கு. ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலீயிக் என்ற கொழுப்பு அமிலம். வகையைப் பொறுத்து 55 முதல் 83 சதவீதம் வரை. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நல்லெண்ணெயில் ஒலீயிக்கும் லினோலீயிக் என்ற இன்னொரு கொழுப்பு அமிலமும் ஏறக்குறைய சரிபாதி, கூடவே சீக்கிரம் சிக்கு வாடை வராமல் காக்கும் சில இயற்கைப் பொருள்கள். கீழே வரும் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் இந்த வித்தியாசத்தில்தான் அடங்கியிருக்கின்றன.

குழந்தையின் தோலுக்கு

ஆலிவ் எண்ணெய்க்கு நம் ஊரில் மிகப் பெரிய பெயர் இந்த வேலையில்தான். சாலட் என்ற சொல்லே கேள்விப்படாத காலத்திலும் மெடிக்கல் ஷாப்பில் ஃபிகாரோ ஆலிவ் எண்ணெய் டின் இருந்தது. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் வாங்கிப் போவார்கள். விலை கூடுதல், அதனால் நல்லது என்ற நம்பிக்கை. ஆனால் அது தோற்கிற இடமும் இதுவே.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 19 பேரின் முன்கையில் சில வாரங்கள் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெய் தடவிய இடத்தில் தோலின் மேலடுக்குப் பலவீனப்பட்டது, லேசாகச் சிவக்கவும் செய்தது. எக்ஸிமா என்ற தோல் அழற்சி இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, இல்லாதவர்களுக்கும் இப்படித்தான். சூரியகாந்தி எண்ணெய் அந்தச் சேதத்தைச் செய்யவில்லை. காரணம் அந்த ஒலீயிக் அமிலம்தான். தோலின் செல்களுக்கு இடையே கொழுப்பு ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஒலீயிக் அமிலம் அதற்குள் புகுந்து அடுக்கைக் கலைக்கிறது. மருந்தைத் தோலுக்குள் செலுத்துவதற்கே அதைச் சேர்க்கிறவர்கள் உண்டு.

சரி, அப்படியென்றால் சூரியகாந்திக்கு மாறிவிடலாமா? மான்செஸ்டரில் 115 பச்சிளங்குழந்தைகளை வைத்துச் செய்து 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு அங்கேயும் கையைப் பிடிக்கிறது. ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலின் ஈரப்பதத்தைக் கூட்டின. ஆனால் எண்ணெய் தடவாத குழந்தைகளின் தோலில் கொழுப்பு அடுக்கு முதிர்ந்த அளவுக்கு, தடவிய குழந்தைகளுக்கு முதிரவில்லை. இது பாட்டிகளுக்குப் பிடிக்காத செய்தி என்று தெரியும்.

தேங்காய் எண்ணெயோடு நேருக்கு நேர் மோதிய ஆய்வும் ஒன்று உண்டு. 2008இல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் எக்ஸிமா உள்ள பெரியவர்கள் 52 பேரில் ஒரு பாதிக்கு வெர்ஜின் (சுத்திகரிக்காத) தேங்காய் எண்ணெயும் மறு பாதிக்கு வெர்ஜின் ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள். தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி தங்கியிருந்தவர்களில், தேங்காய் எண்ணெய்ப் பக்கம் 20 பேரில் ஒருவருக்கு மட்டுமே கடைசியில் கிருமி மிஞ்சியது. ஆலிவ் பக்கம் 12 பேரில் 6 பேருக்கு. சிறிய ஆய்வுதான், தேங்காய் விளையும் நாட்டில் நடந்தது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் லாரிக் அமிலம் கிருமியை அடக்கும் என்று வேறு வழியாகத் தெரிந்த விஷயத்தோடு அது ஒத்துப்போகிறது.

என் கணக்கு இதுதான்: குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தேங்காய் எண்ணெய், கொஞ்சமாக. தோலில் தடிப்போ சொறியோ தெரிந்தால் எந்த எண்ணெயும் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். ஆலிவ் டின்னுக்குக் கொடுக்கும் காசில் நல்ல துண்டு நாலு வாங்கலாம்.

தலைக்கு

இங்கே தேங்காய் எண்ணெய்க்குப் பக்கபலமாக எல்லோரும் காட்டுவது 2003இல் வந்த ஆய்வு. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்ததில், அலசும்போதும் சீவும்போதும் முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, வளைவில்லாதது, முடித்தண்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் பாரசூட் தேங்காய் எண்ணெய் விற்கும் மரிகோ நிறுவனத்து ஆய்வாளர்கள். தெரிந்துகொண்டே படிக்க வேண்டிய ஆய்வு. அதற்குப் பிறகு வந்த வேறு சோதனைகளிலும் தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவுவது உறுதியானதால், அடிப்படை முடிவை நான் நம்புகிறேன். ஆலிவ் எண்ணெய் அந்தப் போட்டியில் சேர்க்கப்படவேயில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆலிவ் எண்ணெய்க்குத் தலையில் ஒரு சாதகம் உண்டு: லேசில் உறையாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்துக் காத்திருக்கும் வேலை மிச்சம். ஊட்டியிலோ லண்டனிலோ இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சுருட்டை முடிக்கும் வறண்ட முனைகளுக்கும் இரண்டு சொட்டு தடவினால் படிந்து பளபளக்கும். எண்ணெய்க் குளியலுக்கு அது ஒத்துவராது. அதற்குத் தலை முதல் கால் வரை ஊற்ற வேண்டும். நல்லெண்ணெய் அந்த அளவுக்குக் கட்டுப்படியாகும், சீயக்காய்க்கும் அரப்புக்கும் இறங்கும். எக்ஸ்ட்ரா வெர்ஜினை அரை டம்ளர் தலையில் ஊற்றுவது பணத்தைச் சாக்கடையில் விடுவதுதான்.

பொடுகு இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. ஆய்வுக்கூடத்தில் அதை வளர்க்க வேண்டுமென்றால் ஊட்டப் பொருளின்மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவது பழைய வழக்கம். அதே எண்ணெயைப் பொடுகுத் தலையில் இரவெல்லாம் ஊறவைக்கச் சொல்கிற குறிப்புகளை என்னவென்று சொல்வது? பொடுகுக்குப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு இருக்கிறது. செதிலை இளக்க எண்ணெய் வைத்தாலும் சீக்கிரம் அலசிவிட வேண்டும்.

விளக்கெண்ணெய் முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதன் பிசுபிசுப்பால் நீளமான முடி பறவைக் கூடுபோலச் சிக்கி, வெட்டி எறிய வேண்டியதாகிப் போன ஒரு பெண்ணின் கதையை இந்தியத் தோல் மருத்துவர்கள் 2017இல் பதிவு செய்திருக்கிறார்கள். புருவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பேனுக்கு ஆலிவ் எண்ணெயா? பேன் மூச்சுத்திணறிச் செத்துவிடும் என்பார்கள். நம்பி உட்கார வேண்டாம், பேன்சீப்பு மேல்.

காது, குதிகால், வயிற்று வரி

காதுக் குறும்பியை இளக்குவதில் ஆலிவ் எண்ணெய்க்கு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை, மருந்துத் தரத்து ஆலிவ் எண்ணெயையோ பாதாம் எண்ணெயையோ 2, 3 சொட்டு, ஒரு நாளில் 3, 4 தடவை, சில நாள்கள் விடச் சொல்கிறது. சமையலறைப் பாட்டில் இதற்கு ஆகாது, மெடிக்கலில் துளிவிடும் குப்பியோடு கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ப் பழக்கமான காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவது வேறு, இது வேறு. சூடுபடுத்தவே கூடாது. காதில் வலி, சீழ், சவ்வில் ஓட்டை இருந்தால் எதையும் விடக் கூடாது.

குதிகால் வெடிப்புக்கு எந்த எண்ணெயும் வாசலினுக்குக் கிட்டே வராது. வேண்டுமானால் தேங்காய் எண்ணெயில் மெழுகுவர்த்தியை உருக்கி மஞ்சள் சேர்க்கும் பழைய முறை இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பது மெழுகுதான். கர்ப்ப வரிகளைத் தடுக்க ஆலிவ் எண்ணெய் தடவுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். அது தடுக்கும் என்பதற்குச் உறுதியான சான்று இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2012இல் சொல்லிவிட்டது. கண்மை அழிக்க? மூன்றும் அழிக்கும், இருப்பதை எடுங்கள்.

இரும்பும் மரமும்

வீட்டுச் சாமான்களில் எந்த எண்ணெய் எதற்கு என்று முடிவுசெய்ய அயோடின் எண் என்ற ஓர் அளவு போதும். எண்ணெய் காற்றுப்பட்டுக் காய்ந்து எவ்வளவு தூரம் படலமாகும் என்பதை அது ஏறக்குறையக் காட்டும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். அது காய்ந்து கெட்டிப் படலமாகிவிடும். நல்லெண்ணெய்க்கு நூற்றுச் சொச்சம். ஆலிவுக்கு 75 முதல் 94. தேங்காய் எண்ணெய்க்கு 10 பக்கம்தான்.

இரும்பு தோசைக்கல்லைப் பழக்கும்போது சூட்டில் எண்ணெய் கெட்டிப்பட்டு இரும்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்க்கும் முறை இத்தனை காலம் நிற்கிறது. ஆலிவ் எண்ணெயிலும் கல் பழகும், பொறுமை வேண்டும். தேங்காய் எண்ணெய் தோசை சுடச் சரி, கல் பழக்க மோசம். அரிவாள்மனையையும் கத்தியையும் துடைத்துத் துரு பிடிக்காமல் வைக்க எதுவும் ஆகும்.

காய் நறுக்கும் மரக்கட்டைக்கு நிலைமை தலைகீழ். ஆலிவ் எண்ணெய் முழுதாகக் காயவும் காயாது, கெடாமலும் இருக்காது. சில வாரங்களில் கட்டையிலிருந்து சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் மெதுவாகத்தான் கெடும், அதைத் தேய்க்கலாம். உணவுத் தரத்து மினரல் ஆயில் கிடைத்தால் இன்னும் நல்லது. மேசை நாற்காலிக்கு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்த பாலிஷ் என்று வீடியோக்களில் வருகிறதே, அது ஒரு நாள் பளபளப்பு. மறுநாள் முதல் அதில் தெருத் தூசி முழுக்க ஒட்டும். தேக்குக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும்தான் தச்சர்களின் வழி. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பி, துணி தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

கதவுக் கீலுக்கும் தையல் மெஷினுக்கும் மூன்றுமே தப்பு. முதல் வாரம் சத்தம் நிற்கும், அப்புறம் தூசியோடு சேர்ந்து கோந்தாகி இறுகும். தையல் மெஷின் எண்ணெய் சின்னப் பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தால் இரண்டுக்கும் ஆகும். பலாப்பழம் உரிக்கக் கையில் தடவ, ஸ்டிக்கர் பசையை எடுக்க எந்த எண்ணெயும் சரி. அதற்கு ஆலிவ் பாட்டிலைத் திறப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சோப்பு

ஆலிவ் எண்ணெய் சந்தேகமில்லாமல் வெல்லும் இடம் இது. சிரியாவின் அலெப்போவிலும் பாலஸ்தீனத்தின் நாப்ளுஸிலும் ஆலிவ் எண்ணெய்ச் சோப்புக் காய்ச்சுவது தலைமுறைத் தொழில். இரண்டையும் யுனெஸ்கோ 2024இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அலெப்போவில் அதோடு லாரல் காயின் எண்ணெயைச் சேர்த்துக் காய்ச்சி, வெட்டி, அடுக்கி மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். பிரான்சின் மார்செய் சோப்பில் பொறித்திருக்கும் 72% என்பது எண்ணெய்க் கொழுப்பின் அளவு.

ஆலிவ் சோப்பு தோலை அவ்வளவாக வறட்டாது. ஆனால் நுரை கம்மி, அதிலும் உப்புத் தண்ணீரில் ரொம்பக் கம்மி. கொஞ்சம் வழவழவென்று இருக்கும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு கடல் தண்ணீரிலும் நுரைக்கும், அழுக்கைச் சுரண்டி எடுக்கும், தனியாகச் செய்தால் தோலையும் சேர்த்து வறட்டும். சென்னையில் போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இரண்டும் கலந்ததுதான் தோது. வீட்டில் சோப்பு செய்து விற்பவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், நுரை நிற்கக் கொஞ்சம் விளக்கெண்ணெயும் சேர்த்து. நீங்களே செய்வதானால் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக் சோடாவின்மேல் ஊற்றக் கூடாது. கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வாங்குவதானால்

எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்றால் பழத்தைப் பிழிந்து நேரே எடுத்தது, அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. காதுக்குக் குப்பியில் வாங்குவது வேறு, இதைச் சாப்பிடத்தான் வாங்குவேன். 'ப்யூர்', 'லைட்' என்பவை சுத்திகரித்த எண்ணெயில் கொஞ்சம் வெர்ஜின் கலந்தவை. லைட் என்பது நிறத்துக்கும் மணத்துக்கும்தான், கொழுப்பில் ஒரு துளி குறையாது. பொமாஸ் என்பது பிண்ணாக்கிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரிப்பது. சோப்புக்கு அது தாராளம், விலையும் குறைவு. வெர்ஜின் எண்ணெயில் அமிலத்தன்மை 2 சதவீதத்தைத் தாண்டினால் ஐரோப்பாவில் அதை விளக்கெண்ணெய் ரகம் என்று ஒதுக்கிவிடுவார்கள், சுத்திகரிக்காமல் சாப்பிட விற்க முடியாது. நாம் விளக்கெண்ணெய் என்று சொல்லும் ஆமணக்கு எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் ஏற்கெனவே பரிசாக வந்து அலமாரியில் பழசாகிப்போன பாட்டில் இருந்தால் முகர்ந்து பாருங்கள். மெழுகு க்ரேயான் வாடை அடித்தால் தோலுக்கும் வேண்டாம், வாய்க்கும் வேண்டாம். பலாப்பழம் உரிக்கும் நாளுக்கு எடுத்து வையுங்கள். அப்போது என் வயிறு எரியாது.